என் கழுத்து முடி எந்தப் பக்கம் வளர்கிறது

ரங்கூனில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் 11 வருடமாக நிற்கிறேன். எங்கள் சீருடை பர்மியப் பாணி. கீழே லுங்கி, மேலே வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டைக்குக் காலர் மடிப்பு கிடையாது, கழுத்தை ஒட்டி விறைப்பாக நிற்கும் ஒரு பட்டிதான். தொண்டைக்குழிக்கு நேராக ஒரு பொத்தான் போட்டு மூட வேண்டும். முகத்தில் ஒரு நாள் முடிகூடத் தெரியக் கூடாது என்பது வேலையில் சேர்ந்த அன்றே சொல்லப்பட்ட விதி.

முதல் ஆறு வருடம் என் கழுத்து ஆறவே இல்லை. தாடைக்குக் கீழே, குரல்வளையின் இரண்டு பக்கமும், மிளகு அளவில் சிவந்த மேடுகள். சிலவற்றின் நுனியில் சீழ். தடவினால் மணலைத் தொட்ட மாதிரி நெருநெருக்கும். வேலை முடிந்து சட்டையைக் கழற்றினால் பட்டியின் உள்பக்கம் மூன்று நான்கு ரத்தப் பொட்டு இருக்கும். விருந்தினரிடம் சாவியைக் கொடுக்கும்போது அவர் கண் என் முகத்தில் இருந்து ஒரு கணம் கீழே இறங்கி மேலே வரும். அந்த ஒரு கணம்தான் எனக்கு எரிச்சலைவிட அதிகமாக வலித்தது.

அம்மா அதை உடம்புச் சூடு என்றார். வெந்தயம் ஊறிய தண்ணீர், இளநீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று அன்போடு செய்தார். உடம்பு குளிர்ந்தது, கழுத்து அப்படியேதான் இருந்தது. நானும் அழுக்கால் வருகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன், இன்னும் ஒட்டச் சிரைத்தேன். ஐந்து பிளேடு வரிசையாக அடுக்கிய ரேசர். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து ஒருமுறை மேலிருந்து கீழே, ஒருமுறை கீழிருந்து மேலே ரிவர்ஸ். பிறகு கையால் தடவிப் பார்த்து, சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் நுரைகூட இல்லாமல் மறுபடி ஒரு இழுப்பு. தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டும், அதுதான் நல்ல ஷேவ் என்று நம்பியிருந்தேன்.

நடுவில் ஒரு மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன். இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது. தெய்வமே என்று இரண்டு மாதம் விடாமல் தடவினேன். அப்புறம் கழுத்துத் தோல் மெலிந்து பளபளவென்று ஆனது, ஒருநாள் விட்டாலும் முன்னைவிட மோசமாகப் பொரிந்தது. அது வீரியமான ஸ்டீராய்டு களிம்பு என்பது பிறகுதான் தெரிந்தது. டாக்டர் சொல்லாமல் அப்படி ஒரு களிம்பை முகத்திலோ கழுத்திலோ போடாதீர்கள். நான் இழந்த மாதங்களை வைத்துச் சொல்கிறேன்.

தோல் டாக்டரிடம் போனது அதற்கு அப்புறம்தான். வயதான அம்மையார். ஒரு லென்ஸை என் கழுத்தில் வைத்து, என் போனையே வாங்கி அதன் வழியாகப் படம் எடுத்து, பெரிதாக்கிக் காட்டினார். தோலுக்கு அடியில், பழைய வாட்சின் ஸ்பிரிங் மாதிரி, ஒரு கறுப்பு முடி சுருண்டு கிடந்தது. சுத்தம் செய்த ஊசி நுனியால் அந்த வளையத்தின் நடுவில் மெதுவாகத் தூக்கினார். முனை வெளியே வந்தது. முக்கால் சென்டிமீட்டர் இருந்திருக்கும். தாடி முடி ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராது. அப்படியானால் அது ரெண்டு வாரத்துக்கும் மேலாக எனக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. முனையை விடுவித்ததோடு நிறுத்திவிட்டார். பிடுங்கவில்லை. பிடுங்கினால் அடுத்து முளைக்கும் முடியும் உள்ளேயே வழி தேடும் என்றார்.

முடி உள்ளே போவதற்கு இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, சுருட்டை முடி சரியாகவே வெளியே வந்து, வளைந்து, பக்கத்துத் தோலில் மறுபடி குத்திக்கொண்டு இறங்குவது. சாய்வாக வெட்டுப்பட்ட முடியின் முனை ஈட்டி மாதிரி கூராக இருப்பதால் அதற்குத் தோலைக் குத்துவது சுலபம். இன்னொன்று, வெளியே வராமலே, மயிர்க்காலின் சுவரை உள்ளிருந்தே துளைத்துக்கொண்டு போவது. இந்த இரண்டாவதை நானே என் கையால் வரவழைத்திருந்தேன். ஒன்றுக்கு மேற்பட்ட பிளேடு இருக்கும் ரேசரில் முன்னால் போகும் பிளேடு முடியைப் பற்றிக் கொஞ்சம் மேலே இழுக்கும், அது திரும்பி உள்ளே போவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டிவிடும். மிச்ச முடி தோல் மட்டத்துக்குக் கீழே பதுங்கும். கையால் தோலை இழுத்துப் பிடித்தாலும் இதேதான் நடக்கும், விட்டதும் முடி உள்ளே போய்விடும். எனக்குப் பிடித்த அந்த வழவழப்பு, முடி தோலுக்குக் கீழே போனதன் அடையாளம். உள்ளே நுழைந்த முடியை உடம்பு முள் குத்தியதாக நினைத்துச் சண்டை போடுகிறது, அதுதான் சிவப்பும் சீழும். அழுக்கும் இல்லை, சூடும் இல்லை. ‘சூடோஃபாலிக்குலைட்டிஸ் பார்பே’ என்று நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

குறைந்தது நான்கு வாரம் பிளேடு படக் கூடாது என்பது அவர் போட்ட முதல் நிபந்தனை. அந்த வருடம் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பதாக ஏற்கெனவே வேண்டியிருந்தேன். மானேஜரிடம் டாக்டர் சீட்டையும் காட்டி, விரதத்தையும் சொல்லிக் கேட்டேன். 48 நாள் பின்னறையில் கணக்குப் பார்க்க அனுப்பினார்.

முதல் பத்து நாள் கொடுமை. வளரும் முடி புதிதாகச் சில இடங்களில் குத்தியது, அரிப்பு தாங்கவில்லை. இந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுமை இழந்து மறுபடி சிரைத்துவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் மேடுகள் அமுங்க ஆரம்பித்தன. முடி நீளமானதும் வில் மாதிரி நிமிர்ந்து, தன் முனையைத் தானே வெளியே இழுத்துக்கொள்கிறது. காவடி தூக்கிய அன்று கழுத்தில் சீழ் என்று ஒன்றுகூட இல்லை, கறுப்புத் தழும்பு மட்டும்தான். பங்குனி வெயில், வியர்வை, அதோடு தாடி. இத்தனைக்கும் நடுவில் ஆறியது என்றால் கெடுத்தது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

சரி, மறுபடி வரவேற்பு மேசைக்குப் போக வேண்டும், எப்படிச் சிரைப்பது? எங்கள் வீடு அனோரதா சாலையை ஒட்டிய ஒரு சந்தில். அப்பாவின் தலைமுறை அதைப் பிரேசர் தெரு என்றுதான் சொல்லும். காளி கோயிலில் இருந்து நடக்கிற தூரத்தில் ஒரு அண்ணன் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறார், அவர் அப்பாவும் அதே தொழில். அவரிடம் போய் உட்கார்ந்தேன். கத்தியை அவர் எடுக்கவே இல்லை. மிஷினால் தாடியை ஒட்ட வெட்டிவிட்டு, கட்டைவிரலால் என் கழுத்தை அங்கங்கே தடவினார்.

“கன்னம் வேற, கழுத்து வேற தம்பி. கன்னத்துல மழை மாதிரி, எல்லாம் கீழ பாத்துதான் விழும். கழுத்துல வெள்ளத் தண்ணி மாதிரி, அதுக்குத் தோணுன பக்கம் ஓடும். நீ போய் மூணு நாள் கழிச்சு உன் கழுத்த நீயே தடவிப் பாரு. எந்தப் பக்கம் எங்க போகுதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் பிளேடத் தொடு.”

மூன்றாம் நாள் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். பஞ்சைக் கழுத்தில் நாலு பக்கமும் லேசாக இழுக்க வேண்டும். முடி போகிற திசையில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், எதிரே இழுத்தால் நூல் நூலாகச் சிக்கிக்கொள்ளும். நான் சொல்லச் சொல்ல என் மனைவி ஒரு தாளில் கழுத்தை வரைந்து அம்புக்குறி போட்டாள். வலப்பக்கம் தாடைக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு நேராகக் கீழ்நோக்கி. இடப்பக்கம் குரல்வளைக்கு அருகில் ஒரு சுழி, அங்கிருந்து முடி படுக்கையாகக் காதுப் பக்கம் ஓடுகிறது. சட்டைப் பட்டி உராயும் அடிக்கழுத்தில், இரண்டு பக்கமும், முடி மேல்நோக்கி வளர்கிறது.

அந்தக் கடைசி அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். ஆறு வருடமாக, மேலிருந்து கீழே சிரைப்பதுதான் பத்திரம் என்று நினைத்து அடிக்கழுத்தில் தினமும் எதிர்த்திசையில் பிளேடு ஓட்டியிருக்கிறேன். மோசமான மேடுகள் எல்லாம் சரியாக அந்த இரண்டு இடத்திலும் சுழியிலும்தான் இருந்தன. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்கள் கழுத்து என் கழுத்து மாதிரி இருக்காது, அதனால் யார் காட்டும் படத்தையும் நம்பாமல் நீங்களே பஞ்சை எடுத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ரேசரையும் மாற்றினேன். அப்பா விட்டுப்போன மூன்று பாகமாகக் கழலும் பழைய சேஃப்டி ரேசர் பெட்டியில் கிடந்தது. இரண்டு பக்கமும் கூருள்ள ஒற்றைப் பிளேடு. 1904-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. இரட்டைப் பிளேடு 1971-ல் வந்தது, மூன்றும் ஐந்தும் அதற்கு வெகு பின்னால். ஒற்றைப் பிளேடு முடியைத் தோல் மட்டத்தோடு வெட்டும், கீழே போகாது. பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் இருக்கும்படி பிடித்து, ரேசரின் எடையே வேலை செய்யும்படி விட வேண்டும். அழுத்தவே கூடாது. ஐந்து பிளேடு ரேசரில் பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். முதல் வாரம் எனக்கு இரண்டு வெட்டு விழுந்தது. ரேசரை விரல் நுனிகளால், பேனாவைப் பிடிப்பது போலப் பிடித்த பிறகு கை தானாக லேசாகிவிட்டது.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் கட்டடத்தில் வருவது ஆழ்குழாய்த் தண்ணீர். வாளியில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் துருநிறம் தங்கும். சோப்பு நுரைக்காது, நுரைத்தாலும் நிற்காது. நுரை நிற்காத இடத்தில் பிளேடு நேராகத் தோலில் உரசும். அதனால் ஷேவுக்கு மட்டும் குடிக்கிற 20 லிட்டர் பாட்டில் தண்ணீர், இரண்டு டம்ளர் போதும். கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் என்பதால் ராத்திரியே கொதிக்கவைத்துப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுவேன். இங்கே டீக்கடை மேசைகளில் வெறுந்தேநீர் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிப் பிளாஸ்க். காலையில் ஒரு சிறு துண்டை அதில் நனைத்துப் பிழிந்து மூன்று நிமிடம் கழுத்தில் போர்த்தியிருப்பேன். காய்ந்த முடி கம்பி, ஊறிய முடி நூல். துண்டை எடுக்கும் முன் அதே துண்டால் மிக மெதுவாக வட்டமாக ஒருமுறை துடைப்பேன், படுத்துக் கிடக்கும் முனைகள் எழும்பும். அப்புறம் பிரஷ்ஷில் ஷேவிங் சோப்பு. ஜில்லென்று இருக்கும் மெந்தால் நுரையை விட்டுவிட்டேன். அந்தக் குளிர்ச்சியில் தோல் எரிவதே தெரியாமல் போகிறது, எரிச்சல்தான் நமக்கு நிறுத்தச் சொல்லும் அடையாளம்.

கழுத்தில் ஒரே ஒரு முறை, முடி போகும் திசையில். அடிக்கழுத்தில் கீழிருந்து மேலே, சுழியில் குரல்வளையிலிருந்து காதுப் பக்கம். ஒவ்வொரு இழுப்பும் ஒரு அங்குலம், உடனே ரேசரை அலசிவிடுவேன். தோலை விரலால் இழுப்பதில்லை, மோவாயைக் கொஞ்சம் தூக்கினாலே போதும். கன்னத்துக்கு வேண்டுமானால் இரண்டாவது முறை நுரை போட்டுக் குறுக்காக எடுப்பேன். கழுத்துக்கு இரண்டாவது முறை கிடையாது. தடவினால் லேசாகச் சொரசொரக்கும், இருக்கட்டும். ஒரு முழம் தள்ளி நிற்கும் விருந்தினருக்கு அது தெரியாது, இத்தனை வருடத்தில் மானேஜரும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தடவிப் பார்க்கிற பழக்கத்தை விட்டதுதான் எனக்கு இதில் ஆகக் கடினமான பகுதி. விடுமுறை நாளில் கழுத்தைத் தொடுவதே இல்லை.

பிளேடு ஐந்து ஷேவுக்கு மேல் போகாது. மழைக்காலத்தில், அதாவது எங்களுக்கு வைகாசி முதல் ஐப்பசி வரை, நான்கோடு தூக்கிப் போட்டுவிடுவேன். அந்த மாதங்களில் எதுவுமே காயாது. பிரஷ்ஷை உதறித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், துண்டைத் தினமும் மாற்ற வேண்டும்.

முடித்ததும் குளிர்ந்த தண்ணீர், தேய்க்காமல் ஒற்றி எடுத்தல். படிகாரம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பர்மியர்கள் அதைச் சௌச்சின், புளிப்புக் கல் என்பார்கள், மருந்துச் சாமான் விற்கும் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும். சிறு வெட்டில் ரத்தம் நிற்க அருமையானது. எனக்கு அதைவிடப் பெரிய உபயோகம், நனைத்துத் தடவும்போது எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அன்று அழுத்தியிருக்கிறேன் என்று தெரிந்துவிடும். அரை நிமிடத்தில் கழுவிவிடுங்கள், காயவிட்டால் தோல் இழுத்துக்கொள்ளும். வாரம் இரண்டு முறை போதும். ஸ்பிரிட் கலந்த வாசனைத் திரவத்தை நான் தொடுவதில்லை.

பர்மியர்கள் முகத்தில் பூசும் மரப்பட்டை விழுதான தனக்கா பற்றிச் சொல்லாமல் ரங்கூன்காரன் எப்படி எழுதுவது? என் மனைவி தினமும் காலையில் கல்லில் தண்ணீர் தெளித்துத் தனக்காக் கட்டையை உரசும் சத்தத்தில்தான் எங்கள் வீடு விழிக்கும். குளிர்ச்சியானது, மணமும் நன்றாக இருக்கும். ஆனால் ஷேவ் செய்த கையோடு கழுத்தில் போட வேண்டாம். கல்லில் உரசிய விழுதில் நெருநெருப்பு இருக்கும், அதுவும் காய்ந்து இறுகினால் புதிதாக வெட்டிய முடிமேல் ஓடு மாதிரி படிந்துவிடும். ராத்திரி, இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் கூடுதலாக விட்டு மெல்லிசாகத் தடவிக் கழுவினால் எனக்கு இதமாக இருக்கிறது. பகலில் கழுத்துக்கு வாசனையில்லாத ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர், வெயிலில் போனால் சன்ஸ்கிரீன். கறுப்புத் தழும்புகள் வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். நம் நிறத்துக்கு அவை மறைய மாதக்கணக்கில் ஆகும். எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. நடுவில் மனம் விட்டுவிடாதீர்கள்.

டாக்டர் தடவக் கொடுத்தது 2 சதவீத சாலிசிலிக் அமிலம், ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி. மயிர்க்கால் வாயை இறந்த தோல் மூடாமல் அது பார்த்துக்கொள்கிறது. இப்போதும் மாதத்தில் ஒன்றிரண்டு முடி உள்ளே போகும். வளையம் வெளியே தெரிந்தால் மட்டும் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் தூக்கிவிடுவேன். தெரியாவிட்டால் தோண்டுவதில்லை, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து இரண்டு நாள் காத்திருப்பேன்.

சட்டைப் பட்டியை மறந்துவிட்டேனே. தையற்காரரிடம் கொடுத்துப் பட்டியை ஒரு விரல் நுழையும் அளவு தளர்த்தி, உள்பக்கம் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்தேன். கஞ்சியையும் குறைத்தேன். பாதி உராய்வு அதிலேயே போயிற்று. இதை முதல் வருடமே செய்திருக்கலாம்.

என் மச்சானுக்கு இது எதுவும் போதவில்லை. அவர் முடி அத்தனை சுருட்டை. டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்கிறார், கழுத்து ஆறிவிட்டது. அவர் வேலைக்கு அது ஒத்துப்போகிறது. லேசர் சிலருக்கு நிரந்தரமாகக் கைகொடுக்கும், ஆனால் நம் கறுத்த தோலுக்கு ஏற்ற வகை இருக்கிறது, 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. அதைத் தெரிந்த தோல் டாக்டரிடம்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். மேடு கெட்டியாகித் தழும்பாகப் பெரிதானாலோ, சிவப்பு பரவிக் காய்ச்சல் வந்தாலோ, வட்டமாகச் செதில் எடுத்து முடி உதிர்ந்தாலோ வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள். கடைசியில் சொன்னது படர்தாமரையாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. கடையில் சிரைத்துக்கொண்டால் உங்கள் கண் எதிரில் புதுப் பிளேடைப் பிரிக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மஞ்சள்காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் ரத்தத்தில் பரவுபவை. எங்கள் அண்ணன் கேட்காமலே பிரித்துக் காட்டுவார்.

போன மாதம் அக்கா மகன், 17 வயது, “மாமா, எனக்கும் ஷேவ் பண்ணக் கத்துக் குடுங்க” என்று வந்தான். ரேசரைக் கொடுக்கவில்லை, பஞ்சைக் கொடுத்தேன். பூனைமுடி முற்றிக் கொஞ்சம்தான் தடித்திருந்தது, ஆனாலும் சிக்கியது. தாளில் அவனே அம்புக்குறி போட்டான். அவனுக்குச் சுழி வலப்பக்கம், அடிக்கழுத்தில் முடி கீழ்நோக்கித்தான் போகிறது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பிளாஸ்க்கில் தண்ணீர் இன்னும் சூடாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தான்.